அரை முழம் தள்ளி

இடுப்பு மறுபடியும் பிடித்துக்கொண்டது. மல்லாந்து கிடந்த மடிப்புக்காரி, எழுந்திருக்க வழி தெரியாமல் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகுத்தண்டின் அடியில் யாரோ ஆணி அறைந்து, அதில் ஈரத்துணி மூட்டையைத் தொங்கவிட்டது போல ஒரு வலி. முன்பெல்லாம் ஒரே உதறலில் எழுந்துவிடுவாள். இப்போது பக்கவாட்டில் சாய்ந்து, முழங்கையை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, சத்தம் வராமல் எழ வேண்டும்.

சத்தம் வராமல் என்பதுதான் பெரும்பாடு. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் மகனும் மருமகளும் படுத்திருக்கிறார்கள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு குழந்தைக்காக மருந்தும் ஜெபமுமாக அலைகிற மருமகள் அவள். நாற்பத்து நாலு வயது மாமியார் விடுகிற இந்த முனகல் அவள் காதில் விழுந்தால், அது எந்த முனகல் என்று உடனே பிடித்துவிடுவாள்.

மடிப்புக்காரிக்கு அஞ்சு மாசம்.

"பிடிச்சுக்கோ." கொத்தனார் கையை நீட்டினார். சிமெண்ட் அரித்துத் தடித்துப்போன கை. இந்த வீட்டில் விஷயம் தெரிந்த ஒரே ஆள் புருஷன்தான்.

"இன்னிக்காவது சொல்லிடலாமா?" என்றார் காதோடு.

"யார்கிட்ட?"

"பையன்கிட்ட."

"நீங்க சொல்லுங்களேன். உங்களுக்கும் பங்கு இருக்கில்ல?"

கொத்தனார் சுவரைப் பார்த்தார். சுவர் நேராக இருந்தது.

அவருடைய பழைய சட்டை ஒன்றை எடுத்து மேலே போட்டுக்கொண்டாள். தொளதொளவென்று தொடை வரை தொங்கும். 'வேலை செய்யற இடத்துல ஒரே வேக்காடு' என்று காரணம் சொல்லி வைத்திருந்தாள். வேக்காட்டுக்கு யாராவது சட்டைக்கு மேல் சட்டை போடுவார்களா என்று இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை. வயசான பொம்பளை என்ன உடுத்துகிறாள் என்று யார் பார்க்கிறார்கள்?

பார்த்தவள் ஒருத்திதான். அதுவும் ஒரு விரிப்பு கீழே விழுந்ததால்.

ஆஸ்பத்திரியின் பின்கட்டில் பாய்லரை ஒட்டி இருக்கிறது சலவைக்கூடம். உருளை இஸ்திரியிலிருந்து படுக்கை விரிப்புகள் சுடச்சுட வந்து விழும். அவற்றை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து விறைப்பாக இழுத்து, நீளவாக்கில் மடித்து, பிறகு ஒருத்தியை நோக்கி ஒருத்தி நடக்க வேண்டும். நடுவில் இரண்டு பேரும் முட்டிக்கொள்கிற அளவுக்கு வந்ததும், ஒருத்தியின் கையிலிருக்கிற முனையை மற்றவள் வாங்கிக்கொள்வாள். வாங்கியவள் நிற்க, கொடுத்தவள் குனிந்து தொங்கும் மடிப்பைப் பிடிப்பாள். நாள் முழுக்க இதுதான். பிரிவதும் சேர்வதும்.

மடிப்புக்காரிக்கு ஜோடி அவளுடைய நாத்தனார் மகள். கோயில் பாட்டுக் குழுவில் முதல் குரல் என்பதால் சலவைக்கூடத்தில் அவளுக்குப் பாட்டுக்காரி என்றே பேர். இந்த ஜோடி கையில் ஒரு துணி தரையைத் தொட்டதாகச் சரித்திரம் இல்லை.

போன சனிக்கிழமை தொட்டது. இரண்டு பேரும் நடந்து வந்தார்கள். மடிப்புக்காரி, வயிறு இடிக்கக்கூடாதே என்று அரை முழம் தள்ளி நின்றாள். எதிரில் வந்தவளும் அரை முழம் தள்ளி நின்றுவிட்டாள். நீட்டிய கைகள் ஒன்றையொன்று எட்டவில்லை. விரிப்பு நடுவில் தொய்ந்து, ஈரத்தரையில் பொத்தென்று விழுந்தது. அதை எடுக்க இருவருமே குனியவில்லை. ஒருத்தியின் இடுப்பை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பாட்டுக்காரிக்குக் கல்யாணம் ஆகவில்லை. சலவைக்கூடத்தின் வண்டியோட்டி ஒருவன் அவளிடம் இனிக்க இனிக்கப் பேசினான். பிறகு வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனான். இப்போது அவன் போன் எடுப்பதில்லை. விரிப்பு விழுந்த மறுநாளே அவள் அம்மாவுக்கும், அதாவது நாத்தனாருக்கும், மகள் விஷயம் தெரிந்துபோனது.

இன்று மே மாதத்தின் கடைசி நாள். கோயிலில் மாதாவின் சந்திப்புத் திருநாள்.

*

"அம்மா பாட்டுக் குழுவுல சொல்லிட்டாங்க அத்தை," என்றாள் பாட்டுக்காரி, விரிப்பின் அந்த முனையிலிருந்து. "எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சாம்."

"கட்டியிருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு. வேணும்னா இங்கயே ஒண்ணு எடுத்து விடட்டுமா?"

"சும்மா இருடி. பாய்லர்தான் வெடிச்சிடுச்சுன்னு மேஸ்திரி ஓடி வருவான்."

பாட்டுக்காரி சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. இயந்திரத்தின் இரைச்சலில் யாருக்கும் கேட்காது என்றாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சாயங்காலம் வண்டி வருது."

"என்ன வண்டி?"

"என்னை ஏத்திட்டுப் போற வண்டி. சரியா பூசை நேரத்துக்கு, பின்சந்துக்கு வருது. எல்லாரும் கோயில்ல இருப்பாங்கல்ல, தெருவுல பாக்க ஆள் இருக்காது. எங்கயோ தூரத்துல ஒரு விடுதியாம். அங்கயே பெத்து, பொறந்த அன்னிக்கே யாருக்கோ குடுத்துடுவாங்களாம். அப்புறம் நான் திரும்பி வந்து, தொண்டை சரியாயிடுச்சுன்னு சொல்லிப் பாட ஆரம்பிச்சுக்கலாமாம்."

மடிப்புக்காரி விரிப்பை உதறினாள். ஆவி பறந்தது.

"உனக்குக் குடுக்க இஷ்டமா?"

பாட்டுக்காரி துணியோடு நடந்து வந்தாள். வழக்கமான அரை முழத்தில் நின்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தாள். சூடான துணி நடுவில் இருக்க, இரண்டு வயிறும் தொட்டுக்கொண்டன.

"இல்லை," என்றாள்.

அப்படியே நின்றுகொண்டு கேட்டாள்: "உங்க வீட்டுக்கு வந்துடட்டுமா அத்தை?"

மடிப்புக்காரிக்கு வாய் வரை வந்தது. ஆனால் கண்ணுக்கு முன்னால் பலகைத் தடுப்பு வந்து நின்றது. அந்தத் தடுப்புக்கு அப்பால் மருமகள். ஒரு வயிற்றை மறைப்பதற்கே சட்டை போதவில்லை. இன்னொரு வயிற்றை வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு வந்தால், ஊர்க்கண் இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்கும்.

"பாப்போம்," என்றாள்.

பாட்டுக்காரி முனைகளை அவள் கையில் திணித்துவிட்டுக் குனிந்தாள். "பாப்போம்னா வேணாம்னு அர்த்தம். சின்ன வயசுலேர்ந்து கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்," என்றாள் தரையைப் பார்த்து.

அதன் பிறகு மதியச் சங்கு ஊதும்வரை மடிப்பு ஒரு நூல் பிசகாமல் வந்தது. கோபத்தில் இருக்கும்போது வேலை நன்றாகத்தான் நடக்கும்.

*

கோயில் பீடத்து விரிப்பை இஸ்திரி போட்டு மடிப்பது மடிப்புக்காரியின் பொறுப்பு. திருநாள் தவறாமல் அவள்தான் கொண்டுபோய்க் கொடுப்பாள். வேலை முடிந்த கையோடு அதைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனாள்.

உள்ளே நாத்தனார் ஒரு முக்காலி மேல் ஏறி நின்று, பக்கச் சுவரிலிருக்கும் பெரிய படத்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கோயில் மாதர் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. இந்தத் திருநாள் அவள் திருநாள். பூ, விளக்கு, விரிப்பு, யார் எந்த வரிசையில் உட்காருவது என்பது வரை அவள் வாக்குத்தான்.

படத்தில் மாதாவும் எலிசபெத்தம்மாளும் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொள்ளப் போகிறார்கள். இரண்டு பேருக்கும் தோளிலிருந்து கால் வரை துணி, துணி, ஒரே துணி. மடிப்பு மேல் மடிப்பு. கர்ப்பிணிகள் என்று சொன்னால்தான் தெரியும். வரைந்தவன் இரண்டு வயிற்றையும் துணிக்குள் ஒளித்துவிட்டான் என்று மடிப்புக்காரி இன்றுதான் கவனித்தாள். கொத்தனாரின் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"கொண்டாந்துட்டியா? ஓரத்துல சுருக்கம் இருக்கா பாத்தியா?"

"என் மூஞ்சியில இருக்கும். துணியில இருக்காது." விரிப்பைப் பீடத்தில் வைத்துவிட்டுத் திரும்பினாள். "அண்ணி, அந்த வண்டியை வர வேணாம்னு சொல்லிடுங்க."

நாத்தனார் இறங்கினாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். கடைசி வரிசையில் ஒரு கிழவர் மட்டும் செபமாலையோடு தூங்கிக்கொண்டிருந்தார்.

"மெதுவாப் பேசு. உன்கிட்ட சொல்லிட்டாளா அவ?"

"சொல்லித்தான் தெரியணுமா? தினம் என் எதிர்லதானே நிக்கிறா. அண்ணி, இன்னிக்கு என்ன திருநாள்?"

"இது என்னடி கேள்வி? மாதா எலிசபெத்தம்மாளைப் பாக்கப் போன திருநாள்."

"எதுக்குப் போனா?"

"ஒத்தாசைக்கு. வயசான காலத்துல புள்ளத்தாச்சியா இருக்காளேன்னு ஓடிப்போய் மூணு மாசம் கூட இருந்தா. வருஷா வருஷம் சாமியார் சொல்றாரே, அப்பல்லாம் தூங்கிட்டியா?"

"போனவ வயித்துல என்ன இருந்துச்சு?"

நாத்தனாரின் கை ஈரத்துணியை முறுக்கியது. தண்ணீர் சொட்டியது.

"அது ஆவியானவரால வந்தது. இது வண்டியோட்டியால வந்தது. ரெண்டையும் ஒரே தராசுல வெச்சே, நாக்கு அழுகிடும்."

"நான் புள்ளையைத் தராசுல வைக்கலை. கதவைப் பத்திக் கேக்கறேன். அந்தப் பொண்ணு வந்து வாசல்ல நின்னப்ப, அப்பன் யாருன்னு சொல்லிட்டு உள்ள வான்னு எலிசபெத்தம்மா சொன்னாங்களா?"

"அவங்களுக்குத் தேவ வெளிச்சம் இருந்துச்சு."

"ஊர்ல எல்லாருக்கும் இருந்துச்சா? அவளை நிச்சயம் பண்ணினவனே சத்தமில்லாம கழட்டிவிடலாமான்னு யோசிச்சான். மத்தவங்க வாய் சும்மாவா இருந்திருக்கும்? அத்தனை வாயையும் தாண்டி மலைமேல ஒரு வீட்டுக்கு அவ ஓடினான்னா, அங்க கதவு திறக்கும்னு நம்பித்தானே ஓடியிருப்பா?"

"எனக்கு வேதம் சொல்லித் தராதே!" நாத்தனாரின் குரல் கோயில் கூரையில் மோதித் திரும்பியது. கிழவர் விழித்து, இரண்டு மணியை உருட்டிவிட்டு, மறுபடி தூங்கிப்போனார்.

நாத்தனார் முக்காலியில் உட்கார்ந்தாள். முகத்தைத் துடைக்கக் கையை உயர்த்தி, கையில் அழுக்குத்துணி இருப்பதைப் பார்த்து இறக்கினாள்.

"நான் இந்தக் கோயிலுக்கு எந்த வாசல் வழியா வந்தேன்னு உனக்குத் தெரியும். பின்வாசல். துடைப்பமும் வாளியுமா. புருஷன் செத்தவ, கைக்குழந்தைக்காரி, பாவம்னு வேலை குடுத்தாங்க. அங்கேயிருந்து இந்த முன்வரிசை நாற்காலிக்கு வர்றதுக்கு என் பாதி ஆயுசு போச்சு. இருபதடிகூட இருக்காது. பாதி ஆயுசுடி! அவ வயித்தைத் தள்ளிக்கிட்டு நடு வழியில வந்து நின்னா, மறுநாள் காலையில என் கையில மறுபடி துடைப்பத்தைக் குடுத்துடுவாங்க."

அதில் பொய் ஒன்றும் இல்லை. மடிப்புக்காரிக்கு அது தெரியும்.

நாத்தனார் விடவில்லை.

"உன் மகன் பொறந்தப்ப ஜன்னி கண்டு கெடந்தியே, யார் வந்தா? உன் அம்மா வந்தாளா? நான் வந்தேன். மூணு மாசம். உன் புள்ளைக்குக் குண்டி கழுவினேன். உனக்குச் சோறு ஊட்டினேன். அதனால என் வேலை போச்சு. இத்தனை வருஷத்துல அதை ஒரு நாள் வாய்விட்டுக் கேட்டிருப்பேனா?"

கேட்டதில்லைதான். ஆனால் சொல்லிக் காட்டாத விசேஷ வீடு கிடையாது. சாப்பாட்டுப் பந்தியில் உப்பு கேட்பது போல, பேச்சோடு பேச்சாக அதை எடுத்து வைப்பாள்.

"இன்னிக்குக் கேக்கறேன். சாயங்காலம் உன் வீட்டுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கோ. அவ வந்து தட்டினாலும் திறக்காதே. அது போதும். என் மூணு மாசம் தீர்ந்துச்சு. இனிமே ஜென்மத்துக்கும் அதைப் பேச மாட்டேன்."

சுலபமான பேரம். ஒன்றும் செய்ய வேண்டாம். செய்யாமல் இருந்தால் போதும். மடிப்புக்காரி படத்தை ஒரு தடவை பார்த்தாள். அந்த நாளில் அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. குருடன் பார்க்கவில்லை, செத்தவன் எழவில்லை. ஒரு பெண் வந்தாள், இன்னொருத்தி கதவைத் திறந்தாள். அதற்குப்போய் ஒரு திருநாள் வைத்து, பூ வைத்து, விளக்கு வைத்து, வருஷம் தவறாமல் கொண்டாடுகிறார்கள் என்றால் அந்தக் கதவு லேசில் திறக்கிற கதவாக இருந்திருக்காது.

குனிந்து நாத்தனாரின் ஈரக்கையைப் பிடித்தாள். சட்டைக்குள் விட்டு, தன் வயிற்றின் மேல் வைத்தாள்.

நாத்தனாருக்கு முதலில் புரியவில்லை. பிறகு உள்ளேயிருந்து ஒரு அசைவு வந்தது. கையை நெருப்பில் பட்டது போல இழுத்துக்கொண்டாள்.

"அடிப்பாவி! இந்த வயசுலயா?"

"இந்த வயசுலதான்."

"என் தம்பி வாயே திறக்க மாட்டானேடி!"

"வாயைத் திறக்காமத்தான்."

நாத்தனாரின் உதடு ஒரு கணம் கோணியது. சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. அடுத்த கணமே முகம் இறுகிவிட்டது.

"உன் மருமக மூஞ்சியில எப்படி முழிப்பே?"

அம்பு சரியான இடத்தில்தான் பாய்ந்தது.

"தெரியலை," என்றாள் மடிப்புக்காரி. "ஆனா ஒண்ணு அண்ணி. கதவைச் சாத்தித் தீர்க்கிற கடன் இல்லை அது. நீங்க எனக்குக் கதவைத் திறந்துக்கிட்டு வந்தீங்க. நான் அதைச் சாத்தித் திருப்பித் தர மாட்டேன்."

*

வீட்டுக்கு வந்தவள் முதல் வேலையாகச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். இத்தனை மாதமும் நெஞ்சை அழுத்திய ஏதோ ஒன்று அதோடு சேர்ந்து கழன்றது. கதவை விரியத் திறந்து வைத்து, வாசலை ஒட்டி ஒரு மணையில் உட்கார்ந்தாள். இடுப்பு விண்விண் என்று தெறித்தது.

மகன் வேலைக்குப் போயிருந்தான். தடுப்புக்கு அந்தப் பக்கம் மருமகள் கோயிலுக்குக் கிளம்பத் தலைவாரிக்கொண்டிருந்தாள். சீப்பு முடியில் இறங்கும் சத்தம் கேட்டது. இப்போதே எழுந்துபோய்ச் சொல்லிவிடலாம். சொல்ல வேண்டியதுதான் முறை. ஆனால் கால் எழவில்லை.

கோயிலில் முதல் மணி அடித்தது.

தெருக்கோடியில் ஓடிவருகிற காலடிச் சத்தம். ஒரு கால் செருப்போடும் ஒரு கால் வெறுமனேயும் ஓடுகிற சத்தம். பாட்டுக்காரி மூச்சு வாங்க வாசலில் வந்து நின்றாள். தோளில் ஒரு பை, கையில் வார் அறுந்த செருப்பு. வாசற்படிக்கு அரை முழம் தள்ளியே நின்றாள். 'பாப்போம்' என்ற சொல் இன்னும் அவள் காலைக் கட்டிக்கொண்டிருந்தது.

மடிப்புக்காரி எழுந்தாள். அஞ்சு மாசமாக வீட்டுக்குள் முனகக்கூடப் பயந்தவள், தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள்.

"வாடி என் கண்ணு! ஏன் அங்கயே நிக்கிறே? உள்ளே வாடி! நீ ஓடி வர்ற சத்தம் கேட்டு, வயித்துல இருக்கிறது ஒரு உதை விட்டுச்சுடி!"

எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. பக்கத்து மாடியில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. பாட்டுக்காரி படி தாண்டி வந்து அவள் தோளில் விழுந்தாள். இந்த முறை நடுவில் துணி இல்லை, இடைவெளி இல்லை.

"யார் வயித்துல?"

மருமகள் தடுப்புக்கு வெளியே வந்து நின்றிருந்தாள். கையில் சீப்பு.

மடிப்புக்காரி பெண்ணை விடாமலே திரும்பினாள். "என் வயித்துலதாம்மா."

மருமகளின் பார்வை ஆணியில் தொங்கிய சட்டைக்குப் போய், அங்கிருந்து வயிற்றுக்கு வந்தது.

"எத்தனை மாசம்?"

"அஞ்சு."

"அவளுக்கு?" சீப்பு பாட்டுக்காரியின் வயிற்றைக் காட்டியது.

"நாலு," என்றாள் பாட்டுக்காரி.

மருமகள் சீப்பின் பல்லில் சிக்கியிருந்த முடியை எடுத்தாள். விரலில் சுற்றினாள். சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"தெருவுக்கே கேக்கற மாதிரி சொல்ல முடிஞ்சுதே அத்தை. இந்தப் பலகைக்கு அந்தப் பக்கம் இருந்தேன். என்கிட்ட சொல்ல வாய் வரலையா?"

"பயமா இருந்துச்சும்மா."

"நான் என்ன பண்ணிடுவேன்னு பயம்?"

மருமகள் உள்ளே போனாள். தடுப்புக் கதவின் தாழ்ப்பாள் விழுந்தது. அந்தத் தாழ்ப்பாளை இதுவரை பகலில் யாரும் போட்டதில்லை.

"நான் போயிடறேன் அத்தை," என்று பாட்டுக்காரி தவித்தாள். "என்னால உங்க குடும்பத்துல..."

"எங்க போவே? வண்டிக்கா? என் குடும்பத்துல நடக்கறது என்னால நடக்குது. அதுக்கு நீ உரிமை கொண்டாடாதே." செருப்பு மாட்டிக்கொண்டாள். ஆணியிலிருந்த சட்டையை எடுக்கவில்லை. "தொண்டை எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"அப்ப நட."

*

பக்கவாசல் இருந்தது. தாமதமாக வருகிறவர்கள் அதன் வழியாக நழுவி உட்காருவதுதான் வழக்கம். மடிப்புக்காரி முன்வாசலுக்குத்தான் போனாள். நடுவழி நெடுக, ஒரு வயிறும் இன்னொரு வயிறும் பக்கம் பக்கமாக நடந்தன. பாட்டுக்காரியின் அறுந்த செருப்பு, அடிக்கு அடி தரையில் சப் சப் என்று அடித்தது.

தலைகள் திரும்பின. கடைசி வரிசையில் நின்றிருந்த கொத்தனார், மேலெல்லாம் சிமெண்ட் தூசியோடு, பெண்டாட்டியைப் பார்த்தார். சட்டை இல்லாததைப் பார்த்தார். வரிசையை விட்டு வந்து அவள் பின்னாலேயே போய் நின்றுகொண்டார். அந்த மனுஷன் அதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

"மருமக வரலையா?" என்று மட்டும் கேட்டார். அவள் தலையை அசைத்தாள்.

முன்வரிசையில் நாத்தனாரின் முதுகு தெரிந்தது. அது திரும்பவில்லை.

பாட்டுக் குழுவில் மாதாவின் பாட்டைத் தொடங்கியிருந்தார்கள். பாட்டுக்காரிக்குப் பதிலாக நின்ற பெண் முதல் அடியை நடுங்கி நடுங்கி எடுத்தாள். இரண்டாம் அடியில் சுருதி நழுவியது. மூன்றாம் அடியில், பாட்டு மேடைப் படியேறி வருகிற பாட்டுக்காரியைப் பார்த்து, அப்பாடா என்று நகர்ந்து இடம் விட்டாள்.

பாட்டுக்காரி எடுத்தாள்.

அந்தப் பாட்டை மடிப்புக்காரி எத்தனையோ வருஷமாகக் கேட்டிருக்கிறாள். எலிசபெத்தம்மாளின் வாசலில் நின்று மாதா பாடியது என்பார்கள். தாலாட்டு மாதிரி மெல்ல இழுத்து இழுத்துப் பாடுவார்கள். குழந்தைகள் மடியில் தூங்கிவிடும். ஆனால் அதில் இருக்கிற சங்கதி தூங்க வைக்கிற சங்கதி அல்ல. மேலே உட்கார்ந்திருக்கிறவனைக் கீழே இறக்குவது, கீழே கிடக்கிறவனைத் தூக்கிவிடுவது, பசித்தவன் வயிற்றை நிரப்புவது, பணக்காரனை வெறுங்கையோடு அனுப்புவது. இதையெல்லாம் செய்கிற கடவுளைப் பற்றி, வயிற்றில் பிள்ளையோடு ஓடிவந்த ஒரு சின்னப்பெண் பாடுகிறாள். கதவு திறந்ததால் பாடுகிறாள். இன்று பாட்டுக்காரி இழுக்கவில்லை. செய்த வேலைக்குக் கூலி கேட்கிறவள் மாதிரி, ஒவ்வொரு சொல்லையும் எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

பாட்டின் நடுவே பின்சந்திலிருந்து வண்டியின் ஹாரன் கேட்டது.

ஒரு தடவை. நாத்தனாரின் தோள் லேசாக அதிர்ந்தது.

மறுபடி, நீளமாக. சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குப் புரிந்ததோ என்னவோ, யாரையும் தடுக்கவில்லை. பாட்டுக்காரி ஹாரனுக்கு மேலே ஒரு கட்டை ஏற்றினாள்.

மூன்றாவது ஹாரனுக்கு யாரோ முன்வரிசையில் முணுமுணுத்தார்கள். நாத்தனாரின் பக்கத்து நாற்காலிக்காரி எழுந்து இரண்டு இடம் தள்ளிப்போய் உட்கார்ந்தாள். நாத்தனார் அசையவில்லை. எழுந்து பின்சந்துக்குப் போய் வண்டிக்காரனிடம் காத்திருக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் என்று மடிப்புக்காரிக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

வண்டி போகிற சத்தம் கேட்டது. பாட்டு முடிந்தது.

*

பூசை முடிந்து வெளியே வந்தபோது வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. கூட்டம் அவர்களைச் சுற்றிக்கொண்டு, தண்ணீர் கல்லைச் சுற்றிக்கொண்டு போவது போலப் போனது. ஒருத்தி மட்டும் நின்று, பாட்டுக்காரியிடம், "தொண்டை பரவாயில்லை போல," என்றாள். குத்தலா, பாராட்டா தெரியவில்லை.

"பரவாயில்லை," என்றாள் பாட்டுக்காரி. "வயித்துக்கும் தொண்டைக்கும் சம்பந்தம் இல்லை பாருங்க."

நாத்தனார் எல்லாருக்கும் பின்னால் வந்தாள். கையில் பீடத்து விரிப்பு. வழக்கமாக அதை யாராவது எடுத்து மடித்துக் கொடுப்பார்கள். இன்று ஒருவரும் கிட்டே வரவில்லை போலும். சுருட்டி அக்குளில் இடுக்கியிருந்தாள். நேரே மடிப்புக்காரியின் முன்னால் வந்து நின்றாள்.

"ஜெயிச்சுட்டதா நினைக்காதே."

"நினைக்கலை அண்ணி."

"நாளைக்கு என் நாற்காலி போகும். போகட்டும். துடைப்பம் எனக்குப் புதுசு இல்லை. ஆனா ஒண்ணு கேட்டுக்கோ." விரிப்பை அவள் கையில் திணித்தாள். "இவளைப் பாத்துக்கிட்டு என் கடனைக் கழிச்சுடலாம்னு மனக்கோட்டை கட்டாதே. இவளுக்குச் செய்யறது உன் திமிருக்குச் செய்யறது. எனக்குச் செய்ய வேண்டியது எனக்குத்தான். நான் எழுந்திருக்க முடியாம படுக்கையில விழுவேன் பாரு, அன்னிக்கு வரணும் நீ. வந்து சோறு ஊட்டணும். கழுவி விடணும். மூணு மாசம். ஒரு நாள் குறைஞ்சாலும் விட மாட்டேன்."

"வரேன். இடுப்புல இந்தப் புள்ளையைத் தூக்கிக்கிட்டே வரேன்."

"வந்து கிழிச்சே."

நாத்தனார் மகள் பக்கம் திரும்பினாள். அரை முழம் தள்ளித்தான் நின்றாள். முகத்தைப் பார்க்கவில்லை. வயிற்றையும் பார்க்கவில்லை. குனிந்து காலைப் பார்த்தாள்.

"செருப்பு அறுந்திருக்கு," என்றாள். தன் செருப்பைக் கழற்றி அங்கேயே விட்டுவிட்டு, வெறுங்காலோடு தெருவில் இறங்கிப் போனாள்.

பாட்டுக்காரி அந்தச் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாட்டிக்கொள்ளவும் இல்லை, நகரவும் இல்லை. கொத்தனார் தொண்டையைக் கனைத்து, "மாட்டிக்கோம்மா. கல்லு குத்தும்," என்றார்.

வீட்டில் தடுப்புக்கு அந்தப் பக்கத் தாழ்ப்பாள் இன்னும் விழுந்தபடியே இருக்குமா, திறந்திருக்குமா? மடிப்புக்காரி விரிப்பின் ஒரு முனையைப் பாட்டுக்காரியிடம் நீட்டினாள். கோயில் படியிலேயே இரண்டு பேரும் அதை இழுத்து, மடித்து, ஒருத்தியை நோக்கி ஒருத்தி நடந்தார்கள்.

"அம்மா கடன்னாங்களே, அதுல எவ்வளவு பாக்கி அத்தை?"

மடிப்புக்காரி முனைகளை வாங்கிக்கொண்டாள்.

"உங்கம்மாவுக்கு நான் மூணு மாசம் கடன்பட்டிருக்கேன். இன்னும் ஒரு நாள்கூட அடைக்கலை."